அரசாங்க இணையத்தளமும் பார்வையற்ற குடிமக்களும்

அரசாங்க இணையத்தளம் எல்லோருக்கும் உரிய வாயில். பார்வையற்றோர் அதன் பக்கங்களைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல்வழிக் கேட்டறிவர். அத்தகையோரும் பயன்கொள்ளுமாறு தளங்களை அமைப்பதைப் பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பொதுத்துறை நிறுவனங்களின் கடமையாக்கின.

‘ஹெட்லெஸ்’ எனப்படும் உள்ளடக்க மேலாண்மை முறையில் இக்கடமை இருவர் கையில் பிரிகின்றது. செய்தியை ஒருவர் எழுதிச் சேமிக்கிறார். பக்கத்தின் தோற்றத்தை மற்றொருவர் தனியே அமைக்கிறார். படத்துக்குரிய விளக்கத்தை எழுதுவோர் தராவிடின், அமைப்போர் அதனை எங்ஙனம் பெறுவர்? தலைப்பைத் தலைப்பெனக் குறியாது பெரிய எழுத்தால் மட்டும் காட்டினால், கண் காணும், திரைவாசிப்பான் அறியாது.

ஆதலின், விளக்கமின்றிப் படத்தை வெளியிட இயலாதவாறு எழுதுவோரின் படிவத்தையே அமைத்தல் வேண்டும். வெறும் அலங்காரப் படமாயின் அவ்வாறே குறித்தல் வேண்டும். முடிவில், பக்கம் முழுவதையும் விசைப்பலகையால் மட்டும் இயக்கிச் சோதித்தலும் அவசியம். ஓய்வூதிய விண்ணப்பத்தைப் பிறர் துணையின்றித் தாமே நிரப்ப ஒருவருக்கு இயன்றால்தான், நேயர்களே, அவ்வாயில் திறந்திருக்கின்றது எனலாம்.