பையில் கிடக்கும் சாட்சி

குன்றத்தூரிலிருந்து ஒரகடத்திற்கு இரவுப் பணிக்குச் செல்லும் தொழிலாளியின் சட்டைப் பையில் பேச்சின்றிக் கிடக்கும் கைபேசியும், அழைப்பு வந்தால் எங்கே சேர்ப்பது என்பதை வலையமைப்பு அறிய வேண்டியிருப்பதால், வழியிலுள்ள செல்போன் கோபுரங்களுக்குத் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே செல்கிறது. வாட்ஸ்அப், சிக்னல் போன்ற செயலிகளின் மறையாக்கம், அதாவது அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் முறை, உள்ளடக்கத்தைக் காக்குமே தவிர இந்த இடப்பதிவை மறைப்பதில்லை.

பேச்சையே ஒட்டுக்கேட்பதற்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்னும் இரு சூழல்களில் மட்டுமே இடமளித்தது. உள்துறைச் செயலாளரின் உத்தரவும் மறுஆய்வுக் குழுவின் பரிசீலனையும் தேவை என 1996இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இவற்றின் அடிப்படையில், லஞ்ச வழக்கொன்றிற்காக 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, சாதாரணக் குற்றத்தைக் கண்டறிவதற்காக இரகசியமாகக் கேட்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அந்தரங்கம் உண்டு என்பதை நிலைநாட்டிய இத்தீர்ப்பு மிகவும் வரவேற்கத்தக்கது.

அரசின் கண்காணிப்பைவிட அன்றாடம் நெருங்கி நிற்பது, சிம் கார்டு வாங்கும்போது கொடுத்த ஆதார் நகலைக் கொண்டு வேறொருவர் இணைப்புப் பெறும் அபாயம். தம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எவரும் பார்த்து, தமக்குரியதல்லாத எண்ணைப் பற்றி அங்கேயே புகார் செய்யலாம்.