உங்களுக்குத் தெரியுமா? – ஆண்மைக்கு ஊர் தரும் சான்றிதழ்

சிம்பாங் ரெங்கம் கல்யாண மண்டபமோ குளுவாங் கோப்பிக் கடையோ, கல்யாணமாகி ஒரு வருடம் கழிந்த தம்பதியை நம்மாட்கள் விடுவதில்லை: “என்ன, ஏதும் விசேஷம் உண்டா?” இந்தக் கேள்வியிலிருந்தே ஆண்மை, ஆசை, குடும்பம், சாதி என்று துருவிப் பார்த்தவர் கொங்கு நாட்டு நாவலாசிரியர் பெருமாள்முருகன்.

● ‘மாதொருபாகன்’ (2010) திருச்செங்கோட்டுப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கும் கதை. காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகி 12 வருடம். மாமனார் வீட்டு வாசலில் காளி நட்ட பூவரசு நிழல் பரப்பிவிட்டது; பிள்ளைதான் இல்லை. ஜாடைப் பேச்சுக்குக் கூசி, மாடுகளோடு தொண்டுப்பட்டியே (தொழுவமே) கதியென்று கிடக்கிறான். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொன்னாலும் மனம் இணங்கவில்லை.

● இந்தத் தம்பதிக்குள் ஆசை வற்றவே இல்லை. ஊருக்கு அது போதாது, வாரிசு வேண்டும். பிள்ளையில்லாத பெண், தேர்த் திருவிழாவின் 14ஆம் நாள் இரவில் முகமறியாத ஆணைச் சேரலாம் என்ற வழக்கம் நாவலில் வருகிறது. வருடம் முழுக்கப் பெண்ணைக் காவல் காக்கும் ஊர், வாரிசுக்காக ஒரே ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கொள்கிறது.

● அதே நாவலில் கல்யாணமே வேண்டாமென்று தன் போக்கில் திரிகிற நல்லுப்பையன் சித்தப்பா வருகிறார். ஊர் வைத்த பரீட்சையை எழுதவே மறுத்த ஆண் அவர்; அதனால்தான் அவரால் சிரிக்க முடிகிறது.

● ‘கங்கணம்’ (2007) நாவலின் மாரிமுத்துவுக்குக் காடு தோட்டம் உண்டு, வயது முப்பதைத் தாண்டியும் பெண் கிடைக்கவில்லை. பெண் சிசுவை வேண்டாமென்ற சமூகம், மகனுக்குப் பெண் தேடி அலைகிறது.

● ‘பூக்குழி’ (2013) குமரேசன் வேறு சாதிப் பெண் சரோஜாவைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். பெற்ற தாயே அழுது புலம்பித் தீர்க்கிறாள். இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது.

● ‘மாதொருபாகன்’ மீது எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளி, அவர் மீண்டு வந்து எழுதட்டும் என்றது.

● நம் நாட்டுக் கதையும் உண்டு. கெடா, லூனாஸ்காரரான ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019) நாவலை உள்துறை அமைச்சு 2020இல் தடை செய்தது. அடுத்து அவர் எழுதிய ‘சிகண்டி’, கோலாலம்பூர் சௌக்கிட் பகுதியில் ஆண்மை இழந்த இளைஞன் ஒருவனையும் திருநங்கைகளையும் பற்றியது.

● ‘மாதொருபாகன்’ கதைக்குத் தொடர்ச்சி ஒன்றல்ல, இரண்டு! ‘ஆலவாயன்’ நாவலில் காளி உயிரோடு இல்லை. அந்தத் திருவிழா இரவுக்குப் போன பொன்னா, வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறாள். ‘அர்த்தநாரி’யில் காளி பிழைத்திருக்கிறான், ஆனால் அவளோடு பேச மறுக்கிறான். எந்த முடிவிலும் கேள்வி கேட்ட ஊர் நஷ்டப்படவில்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள், அடுத்த கல்யாண விருந்தில் அந்த “விசேஷம்” கேள்வியைக் கேட்கச் சற்றுத் தயங்குவார்கள்.