குடும்ப அமைப்பு, வழிபாடு, குழந்தை நலன்: நிக்கோபார் அனுபவம் உணர்த்துவது என்ன?

வண்டூர்: தெற்கு அந்தமானில் உள்ள வண்டூர், 1983-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயிலாகும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி தாக்கிய கடற்கரைகளில் இதுவும் ஒன்று. அதே அலைகள் தெற்கே நிக்கோபார் தீவுகளில் உயிர்களையும் வீடுகளையும் பறித்தன. அதன்பின் வந்த நிவாரணப் பணிகளோ, குழந்தைகளை வளர்த்துவந்த குடும்ப அமைப்பையே மாற்றின.

'துஹெட்' என்பது என்ன?

நிக்கோபாரி பழங்குடியினரின் கூட்டுக் குடும்ப முறையே 'துஹெட்'. பல தலைமுறையினர் அடங்கிய இந்த அமைப்பிடமே நிலமும் தென்னந்தோப்புகளும் இருக்கும். உணவும் உழைப்பும் பகிரப்படும். குழந்தை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. துஹெட் முழுமைக்கும் உரியது. எனவே தாய், தந்தையை இழந்தாலும் அக்குழந்தை ஆதரவற்றதாகிவிடாது.

சுனாமிக்குப் பின் இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட தனிக் குடும்பங்களைக் கணக்கிட்டே வழங்கப்பட்டது. நிரந்தர வீடுகளும் அவ்வாறே ஒதுக்கப்பட்டன. பொதுச் சொத்தைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் தனித்தனி வங்கிக் கணக்குகளுக்கு மாறினர். துஹெட் பிணைப்பு தளர்ந்ததையும், மதுப் பழக்கம் அதிகரித்ததையும் மானுடவியல் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

வழிபாட்டின் பங்கு

நிக்கோபாரி மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அவர்களின் முதல் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன், 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக இருந்தவர். கிராமங்களில் தேவாலயம் வழிபாட்டிடமாக மட்டுமன்றி, ஊர் கூடும் இடமாகவும் விளங்குகிறது.

வழிபாட்டுக்கும் இளையோர் நலனுக்கும் உள்ள தொடர்பை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. சிறுவயதில் வாரம் ஒருமுறையேனும் வழிபாட்டில் பங்கேற்றவர்கள், இளமைப் பருவத்தில் அதிக மகிழ்ச்சியுடன் இருப்பதாகக் கூறும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. போதைப் பொருள் பயன்படுத்தும் வாய்ப்போ 33 சதவீதம் குறைவாக இருந்தது. எனினும், இதில் பங்கேற்றோரில் பெரும்பாலானோர் வசதியான அமெரிக்க வெள்ளையினத்தவர் என்பதால், முடிவுகளை எல்லாச் சமூகங்களுக்கும் அப்படியே பொருத்த இயலாது.

பெற்றோர் மதம் குறித்து அடிக்கடி வாக்குவாதம் செய்யும் வீடுகளில் குழந்தைகளின் நடத்தை பாதிக்கப்படுவதாக, 2008-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. ஆகவே, வழிபாடு தானாகவே நலம் தந்துவிடுவதில்லை; வீட்டில் நிலவும் இணக்கமும் முக்கியமாகிறது.

வருமானமும் காரணம்

ஒற்றைப் பெற்றோருடன் வளரும் குழந்தைகள் சந்திக்கும் பின்னடைவில் ஏறத்தாழ பாதிக்கு, வருமானக் குறைவே காரணம் என்று அமெரிக்க சமூகவியலாளர்கள் சாரா மெக்லானஹான், கேரி சாண்டிஃபர் ஆகியோர் 1994-இல் சுட்டிக்காட்டினர். குடும்பத்தின் வடிவத்தை மட்டும் குறைகூறுவது சரியன்று என்பதை இது காட்டுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

குழந்தையைக் காக்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. குடும்பம் என்பதற்குத் துஹெட் போன்ற அமைப்புகள் தரும் விரிந்த பொருளையும் கருத்தில் கொண்டால்தான், அடுத்த பேரிடரின்போது வழங்கப்படும் நிவாரணம் குழந்தையைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையத்தைச் சுருக்காமல் இருக்கும்.