கடைசி ஆள் கோப்பை வாங்கிய கதை

அவிநாசித் தேரோட்டத்தில் சக்கரத்துப் பக்கம் சன்னக்கட்டையோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா கண்ணுகளா? அத்தனை பெரிய தேரும் அந்தக் கட்டையில் முட்டினால் நின்றுவிடும். அதை மனசில் வைத்துக்கொண்டு ஜப்பானுக்கு வாங்க.

சுமோ மல்யுத்தக் களம் 4.55 மீட்டர் குறுக்களவுள்ள களிமண் வட்டம். பாதம் தவிர உடம்பில் எது தரையில் பட்டாலும் தோல்வி. வட்டத்துக்கு வெளியே கால் வைத்தாலும் தோல்விதான். ஜூடோ, குத்துச்சண்டை மாதிரி தொழில்முறை சுமோவில் எடைப்பிரிவும் கிடையாது.

2020 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த போட்டி. முதல் பிரிவின் 42 பேர் பட்டியலில் கடைசிப் பெயர் டோகுஷோரியூ. வயது 33. முந்தைய போட்டியில் இரண்டாம் பிரிவில் இருந்தவர். அவரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. 15 நாளில் 14 வெற்றி! கோப்பை அவருக்கே.

எப்படி? பல நாள் அவர் தோற்கப்போவது போலத்தான் இருந்தது. எதிராளி தள்ளத் தள்ள விளிம்புவரை பின்வாங்குவார். அங்கே பாதி புதைத்த வைக்கோல் கட்டுகள் இருக்கும். குதிகால் அதில் முட்டியதும், சன்னக்கட்டை போட்ட தேர் மாதிரி நின்றுவிடுவார். தள்ளுகிறவரோ இன்னும் முன்னால் சாய்வார். சட்டென்று உடம்பைத் திருப்பி, எதிராளியின் விலாவில் கைவைத்துக் கீழே அழுத்துவார். அவ்வளவுதான், ஆள் குப்புற விழுவார்! 14ஆம் நாள் ஷோடாய் என்ற பலசாலி விழுந்தது இப்படித்தான்.

ஏன் விழுந்தார்? நம் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதுதான் ஈர்ப்பு மையம். அதற்கு நேர் கீழே பாதங்கள் இருக்கும்வரை நிற்போம். மையம் கால்விரலைத் தாண்டினால் 150 கிலோ ஆளும் விழவேண்டியதுதான். எடை அப்போது உதவாது, கவிழ்க்கத்தான் செய்யும்.

கடைசி நாள் எதிராளி டகாகெய்ஷோ. தரவரிசையில் மிக மேலே இருந்தவர், கையால் இடித்துத் தள்ளுவதில் கெட்டிக்காரர். டோகுஷோரியூ அவரை இடிக்கவிடாமல் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி, வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். இப்படி ஒட்டிக்கொண்டு தாழ நின்று மேல்நோக்கித் தள்ளினால் எதிராளியின் பாதம் தரையை அழுத்துவது குறையும். உராய்வும் குறைந்து அவர் சறுக்குவார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தள்ளுகிறவர் பாதமோ இன்னும் அழுந்திப் பிடிக்கும்.

ஈர்ப்பு மையத்தை நீங்களே சோதிக்கலாம். முதுகும் குதிகாலும் சுவரில் ஒட்ட நின்று, முழங்காலை மடக்காமல், முன்னால் கிடக்கும் காசை எடுங்கள் பார்ப்போம். எடுத்தால் காசு உங்களுக்கு. அப்பாவைக் கூப்பிட்டும் செய்யச் சொல்லுங்கள். கீழே ஒரு பாய் விரித்துவிட்டு.