விதைத்தவர் விலகலாமா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் பரபரப்புக்குக் குறைவில்லை. புத்தகம், சீருடை, கட்டணம் என்று பெற்றோர் அலைகின்றனர். எத்துணைத் தொல்லையாயினும், பிள்ளை செல்வதற்குப் பள்ளி ஒன்று இருக்கிறது என்னும் உறுதி நமக்கு உண்டு. அவ்வுறுதியையும் இழந்து, போருக்கு அஞ்சிப் பிறந்த மண்ணைத் துறந்த குடும்பங்களை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

கென்யா நாட்டின் வடமேற்கில், வறண்ட துர்க்கானா நிலப்பகுதியில் ககுமா அகதி முகாம் உள்ளது. சூடான் நாட்டுப் போரினின்று தப்பி, பெற்றோரின்றிக் கால்நடையாகவே நெடுந்தொலைவு கடந்து வந்த சிறுவர்களுக்காக 1992ஆம் ஆண்டில் அது அமைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்முகாம் நிற்கிறது. அங்குப் பிறந்த குழந்தைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர்.

அங்கே ஒரே வகுப்பறையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருங்கி அமர்வதுண்டு. தண்ணீர் சுமப்பதும் தம்பி தங்கையரைப் பேணுவதும் பெண்பிள்ளைகளின் தலையில் விழுவதால், மேல் வகுப்புகளில் அவர்கள் தொகை சுருங்கிவிடும். இதைக் கண்ட கனடா நாட்டின் உலகப் பல்கலைக்கழகச் சேவை நிறுவனம், 2013ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமொன்றின் வழியாக, ககுமாவிலும் ததாப் முகாமிலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் மாணவியருக்குத் தனி வகுப்புகள் நடத்தியது. எளிய வழிதான், ஆயினும் தேர்வுக்கு அஞ்சிப் படிப்பை விட இருந்த மாணவிக்கு அதுவே ஊன்றுகோல்.

சூடானில் மற்றொரு முயற்சி. பள்ளியே இல்லாத சிற்றூர்களில், கையடக்கக் கணினியில் விளையாட்டாகவே கணக்குக் கற்பிக்கும் முறையை நெதர்லாந்தின் வார் சைல்டு நிறுவனம் அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்துடன் இணைந்து 2012ஆம் ஆண்டு முதல் சோதித்துப் பார்த்தது. பாடம் நாட்டின் பாடத்திட்டத்தை ஒட்டியது. கருவிக்கு மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. பிள்ளைகளுக்குத் துணை நிற்பவர் ஊரிலுள்ள ஒருவர். பின்னர் இம்முறை ஜோர்தான், லெபனான், உகாண்டா முதலிய நாடுகளுக்கும் சென்றது.

இத்தகைய நல்முயற்சிகள் பல இடங்களில் முளைக்கின்றன. ஆனால் முளைத்தவற்றுள் பல வளர்வதில்லை. காரணம் என்ன? பொருளுதவி பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்கே கிடைக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறிடம் பெயர்ந்துவிடுகிறார். ஐம்பது பிள்ளைகளை அன்போடு நடத்தத் தெரிந்தவருக்கு, ஐயாயிரம் பிள்ளைகளுக்கான கணக்கும் நிர்வாகமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் உண்மையிலேயே கற்றனரா என்று அளந்து பார்ப்பாரும் அரியர். அளவு இல்லையேல் அரசு நம்பாது. அரசு ஏற்காவிடில், உதவியவர் கைவிட்ட அன்றே முயற்சி மடியும்.

இக்குறையைப் போக்கவே, பிரிட்டன் அரசின் துணையோடு, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் அகதிகள் ஆணையமும் சேர்ந்து 'ஹியூமானிடேரியன் எஜுகேஷன் ஆக்சிலரேட்டர்' என்னும் திட்டத்தை வகுத்தன. 2016ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரில் நடந்த உலக மனிதநேய மாநாட்டில் தோன்றிய 'எஜுகேஷன் கேனாட் வெயிட்' நிதியமும் பின்னாளில் இதற்குப் பொருள் தந்தது. மேலே கூறிய இரு முயற்சிகளும் இத்திட்டத்தால் பயன் பெற்றவையே. அது பணத்தோடு நிற்கவில்லை. அனுபவம் மிக்க வழிகாட்டிகளைத் துணைக்கு அமர்த்தியது. பயனை அளந்து பார்க்கவும் கற்றுக்கொடுத்தது. "உங்கள் முறையில் எது இன்றியமையாதது? எதை விட்டுவிடலாம்? நீங்கள் போன பின் யார் நடத்துவார்?" இத்தகைய கேள்விகளுக்கு விடை காண்பதே வளர்ச்சியின் தொடக்கம். கேள்வி கசக்கலாம், ஆனால் கேட்பவர் உடனிருந்து கேட்டால் அது மருந்தாகிறது.

திருச்சபைக்கு இது புதுமையன்று. வியட்நாமிலிருந்து படகேறித் தப்பிய மக்களின் துயரால் உள்ளம் உருகிய இயேசு சபைத் தலைவர் தந்தை பேதுரோ அருப்பே, 1980ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். உடனிருத்தல், பணிபுரிதல், உரிமைக்குக் குரல் கொடுத்தல் என்பன அதன் மூன்று குறிக்கோள்கள். முதலிடம் உடனிருத்தலுக்கே! எம்மாவு நோக்கி நடந்த சீடரோடு உயிர்த்த ஆண்டவரும் உடன் நடந்தார். முதலில் அவர்தம் துயரைக் கேட்டார். அதன் பின்னரே விளக்கினார்.

2010ஆம் ஆண்டில் ககுமாவிலும், மலாவி நாட்டின் ஸலேக்கா முகாமிலும் அகதி இளைஞருக்கு இயேசு சபையினர் உயர்கல்வி வழங்கத் தொடங்கினர். அமெரிக்காவின் ரெஜிஸ் பல்கலைக்கழகம் பட்டயம் வழங்கியது. பேராசிரியர் தொலைவிலிருந்து இணையம் வழியே கற்பித்தார். முகாமிலோ மாணவருக்குத் துணையாய் ஆட்கள் இருந்தனர். சோதனையாய்த் தொடங்கிய அப்பணி இன்று ஜெசுவிட் வேர்ல்டுவைடு லேர்னிங் என்னும் பெயரில் பல நாடுகளில் நடைபெறுகிறது.

நம் மண்ணும் இதை அறியும். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோரின் முகாம்களில், 1984ஆம் ஆண்டு உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்விக்குத் துணை நின்றது. அதை நடத்தியவர்களும் அகதிகளே. துயருற்றோரே துயருற்றோருக்கு வழிகாட்டினர்.

2025ஆம் ஆண்டில் செல்வ நாடுகள் சில வெளிநாட்டு உதவியை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. எனவே நாம் தரும் சிறுதொகைக்கும் இன்று மதிப்பு மிகுதி. ஆயினும் நம் பழக்கத்தைச் சற்று ஆராய்வோம். நோட்டுப் புத்தகம் வழங்குகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், அடுத்த ஆண்டு வேறு ஊர் போகிறோம். அந்தப் பிள்ளை தேர்ச்சி பெற்றதா என்று திரும்பிச் சென்று கேட்டதுண்டா?

நம் பங்கில் மாலை வகுப்பு ஒன்று நடைபெறுமாயின், அதற்கு மூன்றாண்டுக்கேனும் பொருள் உறுதி செய்வோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கணக்கறிந்த இளைஞர் ஒருவர் எனத் துணை தருவோம். பிள்ளைகளின் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் பார்த்து எழுதுவோம். விளையச் செய்பவர் இறைவன்தான். ஆனால் விதைத்த நாம் நீர் பாய்ச்சும் வேளையில் வயலில் இருக்க வேண்டாமா?