ஒரு பிரதியும் பல நூலகங்களும்: ஆய்வு நூலகங்களின் கூட்டுச் சேகரிப்புப் பற்றிய சில குறிப்புகள்

ஆய்வாளனுக்கு வேண்டிய அனைத்தையும் ஒரு நூலகம் தானே வாங்கி வைத்துக்கொள்ளல் இயலாது. வறிய நாடுகளின் இக்கட்டாகவே இதனை நாம் கருதிவருகின்றோம். ஆயின், கூட்டுச் சேகரிப்பு என்னும் எண்ணம் விரிவாகச் செயற்படுத்தப்பட்டது செல்வம் மிகுந்த ஐக்கிய அமெரிக்காவிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்வரலாற்றிலே தமிழ் நூல்களுக்கும் ஓரிடமுண்டு.

1942ஆம் ஆண்டு ஒக்டோபரில், கனெக்டிகட் மாநிலத்துப் பார்மிங்டன் என்னும் ஊரில் நூலகவியலாளர் சிலர் கூடினர். போர் ஐரோப்பிய நூல் வணிகத்தைத் துண்டித்திருந்த காலம் அது. பிறநாடுகளில் வெளிவரும் ஆய்வுப் பெறுமதியுள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியேனும் அமெரிக்க நூலகம் ஒன்றில் இருத்தல் வேண்டும். அது பொதுப் பட்டியலிற் பதியப்படல் வேண்டும். இரவலாகவோ ஒளிப்படப் பிரதியாகவோ பிறருக்குக் கிட்டல் வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த நெறி. 1948இல் பிரான்சு, சுவீடன், சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுடன் 'பார்மிங்டன் திட்டம்' தொடங்கிற்று. அறிவுத்துறைகள் நூலகங்களிடையே பங்கிடப்பட்டன. அவ்வந்நாட்டு நூல் விற்பனையாளர் தத்தம் பொறுப்பிலுள்ள நூல்களை நேரே அனுப்பினர். காகிதத்திலே குறைசொல்ல முடியாத ஏற்பாடுதான். எனினும், தெரிவு செய்யும் உரிமை விற்பனையாளர் கைக்குச் சென்றமையால், எவரும் புரட்டாத நூல்கள் வந்து குவிந்தன எனவும், வேண்டியவை தவறிப்போயின எனவும் முறைப்பாடுகள் எழுந்தன. தன் மாணவர் கேட்காத நூலுக்குத் தன் பணத்தைச் செலவிட எந்த நூலகந்தான் நெடுங்காலம் இசையும்? வரவுசெலவு சுருங்கியபோது பொதுநன்மைக்கான செலவே முதலில் வெட்டப்பட்டது. 1972இன் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கு இணையாக, 1949இல் மத்திய மேற்கு மாநிலங்களின் பத்துப் பல்கலைக்கழகங்கள் சிக்காகோவில் ஒரு பொது நிலையத்தை நிறுவின. அருகியே பயன்படும் நூல்களையும் செய்தித்தாள்களையும் ஆங்கு ஒப்படைத்து, ஒரு பிரதியை அனைவரும் பகிர்ந்துகொள்வதே நோக்கம். 1965இல் அது 'ஆய்வு நூலகங்களுக்கான மையம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. நூலைப் பங்கிடுவதினும் நூலுக்கான இடத்தைப் பங்கிடுவது எளிதாயிருந்தது போலும்.

தமிழ் நூல்கள் இக்கதையினுள் நுழைந்தது கோதுமையின் வழியாகவே. 1954இன் பொதுச் சட்டம் 480இன்கீழ் அமெரிக்கா தனது மிகை தானியத்தை இந்தியாவுக்கு விற்று, விலையை ரூபாயாகப் பெற்றது. அந்த ரூபாயை இந்தியாவிலேயே செலவிடவேண்டியிருந்தது. 1958இற் செய்யப்பட்ட திருத்தம் அதில் ஒரு பகுதியை நூல் வாங்கப் பயன்படுத்த வழிசெய்தது. 1962இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் புதுடில்லியில் அலுவலகம் திறந்தது. இந்திய மொழிகள் பலவற்றின் வெளியீடுகளையும் மொத்தமாக வாங்கி, ஒருமுறை பட்டியலிட்டு, பங்குபற்றிய பல்கலைக்கழகங்களுக்கு அது அனுப்பிவைத்தது. மொத்தமாக வாங்கப்பட்டமையால், நமது நூலகங்கள் சில்லறை இலக்கியம் என ஒதுக்கிய தொடர்கதை நாவல்களும், கட்சிப் பிரசுரங்களும், சிறு சஞ்சிகைகளுங்கூட அட்லாண்டிக்கிற்கு அப்பால் அடுக்கப்பட்டன. இதனை ஏகாதிபத்தியத்தின் அறிவுச் சுரண்டல் என்றனர் ஒரு சாரார். பிராந்திய ஆய்வுகள் பனிப்போர்த் தேவைகளுடன் பிணைந்து வளர்ந்தமையை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்நூல்களை நாமே பேணியிருந்தால் அக்குற்றச்சாட்டுக்கு இன்னுங் கனம் இருந்திருக்கும்.

1967இல் சிக்காகோ மையத்தைச் சார்ந்து உருவான தென்னாசிய நுண்படத் திட்டம் வேறொரு படியாகும். உறுப்பு நூலகங்கள் சந்தா செலுத்தி, எவற்றைப் படம்பிடிப்பது என ஒன்றுகூடித் தீர்மானித்தன. இங்கே பகிரப்படுவது மூலநூலன்று, அதன் பிரதியே. எனவே மூலம் பிறந்த மண்ணிலேயே இருக்கலாம் என்னும் வாய்ப்பு உருவாயிற்று. ரோஜா முத்தையா நூலகம் இவ்வாய்ப்பின் சிறந்த உதாரணம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார் செல்வந்தரல்லர். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். ஏறக்குறைய ஒரு இலட்சம் உருப்படிகளைத் தனியொருவராய்த் திரட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுநூல்களோடு நாடகத் துண்டுப்பிரசுரங்களும் திருமண அழைப்பிதழ்களும் அவற்றுள் அடங்கும். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கிற்று. ஆனால் கப்பலேற்றவில்லை. சென்னையிலே, மொழி அறக்கட்டளையின் துணையுடன், பட்டியலிடலும் நுண்படமாக்கலும் நடைபெற்றன. கோதுமைக் காலத்து நடைமுறைக்கும் இதற்குமுள்ள தூரம் சிறிதன்று.

ஈழத்தவராகிய நமக்கு இவ்விடயம் வெறும் நிருவாகச் சிக்கனம் பற்றியதன்று. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அழிந்தது. அவற்றுட் பிறிதோரிடத்தில் பிரதி இருந்தவை மீண்டும் பெறத்தக்கவை. ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் அத்தகையன அல்ல. சட்டப்படியான வைப்பு முறையினால் ஒரே நூல் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் செல்வது ஒருவகைக் கூட்டுப் பாதுகாப்பே. எனினும், பதியப்படாத பிரசுரமும் தனியார் வீட்டு ஏடும் அவ்வலையில் அகப்படுவதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலக முயற்சி, தனியார் கைகளிற் சிதறிக்கிடக்கும் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து, அவ்விடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பிவருகின்றது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாவது ஒன்றிணைந்த பட்டியல். எது எங்குள்ளது என அறியாதவிடத்து இரவலுக்கு இடமில்லை. 1956க்கு முற்பட்ட வெளியீடுகளுக்கான அமெரிக்கத் தேசியக் கூட்டுப் பட்டியல் 1968 முதல் 1981 வரை 754 தொகுதிகளாக அச்சேறிற்று. தமிழுக்கு இப்பணி மேலுங் கடினமானது. அமெரிக்கப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் புள்ளியும் கோடுமிட்ட உரோம எழுத்திற் பதியப்பட்டன. கைலாசபதி என்னும் பெயர், அவர் தம் ஆங்கில நூல்களில் எழுதியவாறு ஓரிடத்திலும், ஒலிபெயர்ப்பு விதிப்படி வேறோரிடத்திலும் அமையக்கூடும். ரகர றகரங்களுக்குரிய குறியை அறியாதவன் தேடிய நூலைக் காணாமலே திரும்புவான். முதலெழுத்துகளை முன்வைப்பதா பின்வைப்பதா, ஊர்ப்பெயரைப் பெயரின் பகுதியாகக் கொள்வதா, புனைபெயரை இயற்பெயருடன் இணைப்பதா என்னும் வினாக்களுக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே விடையை எழுதும்வரை, ஒரே நூல் மூன்று நூல்களாகவே பட்டியல்களில் நிற்கும்.