காமிராவினுள் படியும் தூசி

களப்பணியிலும் பள்ளியிலும் எடுக்கப்படும் ஒளிப்படம் ஒரு சான்றாகும். இலையின்மீது காணும் கரும்புள்ளி நோயின் அறிகுறியா, அன்றிக் காமிராவினுள் படிந்த தூசியா என்ற ஐயம் எழுமாயின், அச்சான்று பயனற்றதாகிவிடும். ஆதலின் காமிராவின் உட்புறத்தைப் பேணும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

புனே நகருக்கு மேற்கே, முல்ஷி வட்டத்திலுள்ள ஹிஞ்சேவாடியை உதாரணமாகக் கொள்வோம். பண்டைய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையே இப்பகுதி நிலத்தின் அடிப்படை. கணினித் தொழிற் பூங்காவும் அதைச் சூழ்ந்த கட்டடங்களும் பெருகிய இவ்வூரில், வறண்ட மாதங்களில் கல்தூள் காற்றில் கலக்கிறது. பசால்ட்டிலுள்ள கனிமங்கள் ஏறத்தாழக் கண்ணாடியை ஒத்த கடினமுடையவை. மணலிலுள்ள குவார்ட்ஸோ அதனினும் கடினமானது. லென்ஸைக் கழற்றி மாற்றும்போது உட்புகும் இத்தூளைத் துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

எஸ்.எல்.ஆர். எனப்படும் ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்புக் காமிராவில், லென்ஸின் வழியே வரும் ஒளி சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, குவியத் திரையில் பிம்பமாக விழுகிறது. பார்வைத் துவாரத்தில் நாம் காண்பது அதுவே. விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழ, ஷட்டர் திறந்து, ஒளி பிலிமையோ டிஜிட்டல் காமிராவின் ஒளியுணரியையோ அடைகிறது. எனவே, துவாரத்தில் தெரியும் தூசி படத்தில் விழாது. படத்தில் விழும் தூசி துவாரத்தில் தெரியாது.

ஆகவே, முதலில் தூசி இருக்குமிடத்தை ஆராய வேண்டும். டிஜிட்டல் காமிராவில் லென்ஸின் துளையை எப்/16 அளவுக்குச் சுருக்கி, தெளிந்த வானத்தை இருமுறை வெவ்வேறு திசையில் படமெடுக்க. இரண்டிலும் ஒரே இடத்தில் மங்கிய புள்ளி தோன்றினால் தூசி ஒளியுணரியின் மீதுள்ளது. பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறம் தெரியும் புள்ளி உணரியின் கீழ்ப்புறத்தில் இருக்கும். பிலிமில் நீண்ட கோடு விழுந்தால், பிலிம் செல்லும் தடத்தில் துகள் சிக்கியிருக்கலாம்.

தூசியை நீக்க, காற்றடிக்கும் ரப்பர் குமிழே முதற் கருவி. காற்றோட்டமற்ற அறையில் லென்ஸைக் கழற்றி, காமிராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடித்துக் காற்றடிக்க வேண்டும். வாயால் ஊதலாகாது, எச்சில் துளிகள் கறையாகப் படியும். கண்ணாடியின் உலோகப் பூச்சு அதன் முன்பரப்பிலேயே உள்ளமையால், அதை விரலாலோ துணியாலோ தொடலாகாது. மெல்லிய ஷட்டர் திரைக்கும் இவ்விதி பொருந்தும். ஒளியுணரிக்குக் காற்றடிக்குமுன் மின்கலம் நிறைந்திருத்தல் வேண்டும். மின்சாரம் குறைந்தால் கண்ணாடி இடையில் கீழே விழும். 2003-இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-1 காமிராவில், மீயொலி அதிர்வினால் தூசியை உதறும் அமைப்பே பொருத்தப்பட்டது.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் தூசி அடங்கினாலும், ஈரத்தால் லென்ஸில் பூஞ்சைக் காளான் பற்றக்கூடும். அப்பருவத்தில் காமிராவை ஈரம் உறிஞ்சும் தோலுறையில் வையாது, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டியில் வைப்பது நன்று.

காற்றுக்கு அசையாத கறையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விடுக. துவாரத்தில் மட்டும் தெரியும் சிறு துகளால் படத்திற்குக் கேடில்லை. அதைத் துடைக்க முற்படும் கையாலேயே காமிரா பழுதாகிறது.